7 வயசு பொண்ணோட தனியா பெங்களூர் வரேன்: வீடு ஆபீஸ் பக்கமா, ஸ்கூல் பக்கமா?

ஸ்ரீரங்கத்துப்பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், முதல் தடவையா எழுதறேன், நீளமா போயிடுச்சு, பொறுத்துக்கோங்க.

நான் திருச்சி, ஸ்ரீரங்கத்துல அம்மா அப்பாவோட இருக்கேன். டைவர்ஸ் ஆகி ரெண்டு வருஷம் ஆகுது. பொண்ணுக்கு 7 வயசு, ரெண்டாங்கிளாஸ் முடிக்கப் போறா. இப்ப பெங்களூர்ல வைட்ஃபீல்ட் பக்கம் ஐடிபிஎல்னு ஒரு டெக் பார்க்ல ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பேயபிள்ஸ் டீம் லீடா வேலை கிடைச்சிருக்கு, சம்பளம் இங்க வாங்கறத விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, மே மாசம் ஜாயின் பண்ணணும். வாரத்துல 4 நாள் ஆபீஸ், ஒரு நாள் வீட்டுலருந்து. மாசக் கடைசி கணக்கு க்ளோசிங் அப்ப ராத்திரி 9, 9.30 ஆயிடும்னு இன்டர்வியூலயே சொல்லிட்டாங்க.

அம்மாவ கூட கூட்டிட்டு வர முடியாது. அப்பாவுக்கு வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ், அம்மா இல்லாம அவரு ஆஸ்பத்திரி படி ஏற மாட்டாரு. அதனால அங்க நானும் அவளும் மட்டும்தான்.

என் தலைக்குள்ள ஓடறது இதுதான். வீட்ட ஆபீஸ் பக்கத்துல பாக்கறதா, ஸ்கூல முதல்ல முடிவு பண்ணி அதுக்கு பக்கத்துல பாக்கறதா? ஸ்கூல் 3 மணிக்கு விட்டா நான் வர்ற வரைக்கும் அந்த நாலு மணி நேரம் அவ எங்க இருப்பா? கஸ்டடி என்கிட்டதான், ஆனா கோர்ட் ஆர்டர்ல மாசம் ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை காலைல 10லருந்து சாயங்காலம் 5 வரைக்கும் அவ அப்பா கூட இருக்கணும்னு இருக்கு, அவரு தஞ்சாவூர்ல இருக்காரு, இது வரைக்கும் ரெண்டு பக்கமும் ஒரு தடவை கூட தவறினதில்ல, இனிமே அத எப்படி பண்றதுனே தெரியல. அப்புறம் வீட்டு ஓனர்ங்க. போன வாரம் போன்ல நாலு பேர் கிட்ட பேசினேன், மூணு பேர் "ஹஸ்பண்ட் எங்க வேலை பாக்கறாரு"னு கேட்டுட்டு அப்புறம் கூப்பிடறோம்னு வெச்சிட்டாங்க, இன்னும் கூப்பிடல.

அம்மா வேற காவேரி பிரச்சனை வந்தா தனியா என்ன பண்ணுவனு தினமும் கேக்கறாங்க. பாப்பா போன மாசம்தான் உத்திர வீதில சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டா, அங்க தெரு இருக்குமான்னு கேக்கறா. அவளுக்கும் பதில் சொல்லத் தெரியல.

---

சேலத்துக்காரி வைட்ஃபீல்ட் எழுதியது:

சிஸ், நானும் தனியா பையன வளக்கறவதான், அவனுக்கு இப்ப 10 வயசு, இங்க வந்து அஞ்சு வருஷம். நீங்க கேட்டதுல எல்லாத்துக்கும் முன்னாடி அந்த 3 மணியிலருந்து 7 மணிய தீர்த்துக்கோங்க, அது தீர்ந்தா வீடு தானா அமையும். நான் முதல் வருஷம் தப்பு பண்ணினேன், ஆபீஸ் கேட்டுலருந்து அஞ்சு நிமிஷ தூரத்துல வீடு, ஸ்கூல் நல்ல ஸ்கூல்னு தள்ளி ஒண்ணுல போட்டேன், பையன் காலைல 6.50க்கு பஸ் ஏறுவான், சாயங்காலம் டிராபிக்ல மாட்டி வீடு வந்து சேர 5 மணி ஆகும், அப்புறம் டேகேர் வேன் தனியா, அவன் அந்த வருஷம் முழுக்க வேன்லயே தூங்கி எந்திரிச்சான். ஒண்ணாங்கிளாஸ் பையன் அவன்.

அடுத்த வருஷம் ஸ்கூலயே மாத்திட்டேன். பேர் பெருசா இல்ல, ஆனா நடந்து 8 நிமிஷம், நடுவுலயே டேகேர். டேகேர் ஆயாவே ஸ்கூல் கேட்டுக்கு வந்து கூட்டிட்டுப் போவாங்க, வீட்டுப்பாடம் உக்கார வெப்பாங்க, 7.30 வரைக்கும் வெச்சிருப்பாங்க. பாக்கப் போறப்ப மூணு விஷயம் கேளுங்க: கடைசி பிள்ளை போற நேரம் என்ன, அது வரைக்கும் எத்தனை பேர் உள்ள இருப்பாங்க, ஸ்கூல் லீவு நாள்ல முழு நாள் எடுப்பாங்களா. மூணாவத நிறைய பேர் கேக்க மறந்துடுவாங்க, இங்க தசரா லீவு செப்டம்பர், அக்டோபர் வாக்குல நீளமா வரும், நம்ம ஊர் காலாண்டு லீவோட முழுசா பொருந்தாது, அப்ப பாட்டி வரலாமா இல்ல நீங்க லீவு போடணுமானு இப்பவே யோசிச்சு வெச்சிக்கோங்க.

கம்பெனில கிரெஷ், அதாவது குழந்தைங்க காப்பகம், இருக்கானும் கேளுங்க. 50 பேருக்கு மேல வேலை பாக்கற இடத்துல கிரெஷ் வசதி இருக்கணும்னு 2017 மகப்பேறு சட்டத் திருத்தத்துலயே வந்துடுச்சு, ஆனா நிறைய இடத்துல சின்னப் பிள்ளைங்கள மட்டும்தான் எடுப்பாங்க, 7 வயசுக்கு கிடைக்காம போகலாம், அதனால எச்ஆர் கிட்ட வயசு வரம்ப தெளிவா கேளுங்க.

க்ளோசிங் ராத்திரிய பத்தி ஜாயின் பண்றதுக்கு முன்னாடியே மேனேஜர் கிட்ட பேசி மெயில்ல வாங்கிடுங்க, "6.30க்கு கிளம்புவேன், 8.30க்கு மேல வீட்டுலருந்து லாகின் பண்ணி முடிக்கறேன்"னு. சேர்ந்து மூணு மாசம் கழிச்சு கேட்டா அது சலுகை மாதிரி ஆயிடும், சேர்றதுக்கு முன்னாடி கேட்டா பேசி முடிச்ச விஷயம். நான் அழுதுகிட்டே கேட்டது சேர்ந்து ஏழு மாசம் கழிச்சு, அந்த நிலைமை உங்களுக்கு வேணாம்.

---

ஈசிட்டி அப்பா எழுதியது:

மேல சிஸ்டர் சொன்னதுல பாதிய ஒத்துக்கறேன், பாதிய ஒத்துக்க மாட்டேன்.

நான் மனைவிய இழந்தவன், பையனுக்கு அப்ப 4 வயசு, இப்ப 9. எலக்ட்ரானிக் சிட்டில வேலை. மாமியார் வீடு ஜெயநகர்ல, அவங்க பாத்துப்பாங்கனு அங்கயே ஸ்கூல்ல போட்டு அங்கயே வீடு எடுத்தேன். எல்லாம் நல்லாதான் போச்சு, ஒரு நாள் காலைல 11 மணிக்கு ஸ்கூல்லருந்து போன் வர்ற வரைக்கும். காய்ச்சல் 103, வாந்தி எடுக்கறான், உடனே வாங்கனு. மாமியார் அன்னைக்கு ஊர்ல இல்ல. நான் சில்க் போர்டு சிக்னல் டிராபிக்க தாண்டி போய்ச் சேர 1 மணி 40 நிமிஷம் ஆச்சு. சிக் ரூம்ல பெஞ்சுல சுருண்டு படுத்திருந்தான், என்ன பாத்ததும் "அப்பா நீ வர மாட்டனு நெனச்சேன்"னு சொன்னான். அந்த மாசமே வீட்டையும் ஸ்கூலையும் ஆபீஸ் பக்கம் மாத்திட்டேன்.

அதனால நான் சொல்றது, ஸ்கூல், டேகேர், வீடு மூணும் நடக்கற தூரத்துல இருக்கணும், அது சரி, ஆனா அந்த மூணும் சேந்து உங்க ஆபீஸ்லருந்து அரை மணி நேரத்துக்குள்ள இருக்கணும். அரை மணினு நான் சொல்றது மேப்ல ராத்திரி 10 மணிக்கு காட்டற அரை மணி இல்ல, சாயங்காலம் 5 மணிக்கு மழை பெய்யறப்ப. பெங்களூர்ல அப்படி நம்பிச் சொல்லக்கூடியது மெட்ரோ மட்டும்தான். எங்க பக்கம் 2025 ஆகஸ்ட்ல யெல்லோ லைன் வந்த பிறகுதான் நானே மூச்சு விட்டேன். உங்களுக்கு பர்ப்பிள் லைன், ஐடிபிஎல்லுக்கு பட்டந்தூர் அக்ரஹாரா ஸ்டேஷன், அந்த லைன்லயே பாருங்க. ஹூடி, கருடாச்சார்பாளையா, கே.ஆர்.புரம், இதுல எந்த ஸ்டேஷன்ல இருந்து ஸ்கூலுக்கு நடக்க முடியுதோ அங்க.

இன்னொண்ணு. அவசரத்துக்கு உங்களத் தவிர பிள்ளைய கூப்பிட்டுப் போக யாருக்கு அனுமதினு ஸ்கூல்ல எழுதித் தரணும், ஃபார்ம்ல ரெண்டு பேர் பேர் கேப்பாங்க. புது ஊர்ல அந்த ரெண்டு பேர் யாருனு எனக்கு முதல்ல தெரியல, வெறுமனே விட்டுட்டேன். கீழ் வீட்டு அம்மா ஒருத்தங்க, மொழி கூட சரியா புரியாது, அவங்கதான் இன்னைக்கு என் பையனோட ஃபார்ம்ல முதல் பேர். வந்த முதல் வாரத்துலயே கீழ் வீடு மேல் வீடு எல்லாத்துக்கும் போய் பிள்ளையோட அறிமுகப்படுத்திக்கோங்க, கூச்சப்படாதீங்க.

ஓனர் விஷயம், ஆம்பளையா இருந்தும் எனக்கும் அதே கதைதான், "பொம்பள இல்லாத வீடு"னு மூணு இடத்துல தரல. கேக்கறதுக்கு முன்னாடியே நானே சொல்ல ஆரம்பிச்சேன்: நானும் பையனும் மட்டும், மாமியார் வந்து போவாங்க, இது ஆஃபர் லெட்டர், இது போன வீட்டு ஓனர் நம்பர். ஒத்துக்காதவங்க போன்லயே ஒத்துக்காம போயிடுவாங்க, நமக்கு அலைச்சல் மிச்சம்.

---

மதுரை வக்கீல் தம்பி எழுதியது:

அக்கா, வீடு பத்தி மத்தவங்க சொல்லட்டும், நான் சனிக்கிழமை விஷயத்த மட்டும் சொல்றேன், ஏன்னா இத லேசா எடுத்துட்டு பின்னாடி மாட்டினவங்கள ஃபேமிலி கோர்ட்ல நிறைய பாக்கறேன்.

கஸ்டடி உங்க கிட்ட இருக்கறதால வேலைக்காக ஊர் மாறறது தப்புன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா விசிட்டேஷன் ஆர்டர் உயிரோட இருக்கு, நீங்க சொல்லாம போய் ரெண்டு சனிக்கிழமை தவறினா அவரு கோர்ட்டுக்குப் போய் "பிள்ளைய மறைச்சிட்டாங்க"னு மனு போட முடியும். அதனால முதல்ல ஆர்டர் சர்டிஃபைட் காப்பிய எடுத்து வரி வரியா படிங்க, ஊர் மாறினா அனுமதி வாங்கணும்னோ முன்கூட்டி சொல்லணும்னோ வரி இருக்கானு. இருந்தா அனுமதி இல்லாம நகராதீங்க.

இல்லைனாலும் அவரு கிட்ட நேரா பேசுங்க. ரெண்டு வருஷமா ஒரு தடவை கூட தவறலனு நீங்களே சொல்றீங்க, அப்படிப்பட்ட மனுஷன் கூட உக்காந்து பேச முடியும். ரெண்டு சனிக்கிழமைக்குப் பதிலா மாசம் ஒரு சனி ஞாயிறு முழுசா, கூட லீவுல பாதி நாள், வாரம் ரெண்டு வீடியோ கால்னு கேட்டுப் பாருங்க. வீடியோ கால்ல பேசற உரிமைய 2020லயே சுப்ரீம் கோர்ட் ஒரு கஸ்டடி வழக்குல எடுத்துச் சொல்லியிருக்கு, பெத்தவங்க வேற வேற ஊர்ல இருந்தாலும் பிள்ளையோட தொடர்பு அறுந்துடக் கூடாதுனு. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டதும் வாட்ஸப்போட விட்டுடாதீங்க, அதே கோர்ட்ல ஆர்டர மாத்தச் சொல்லி ஜாயின்டா மனு போட்டு பதிவு பண்ணிடுங்க. அதுக்கு நாள் ஆகும், அதனால மே வரைக்கும் காத்திருக்காம இந்த வாரமே உங்க வக்கீல போய் பாருங்க.

ரயில் கஷ்டம் இல்லக்கா. மைசூர்ல இருந்து மயிலாடுதுறை வழியா கடலூர் போற வண்டி சாயங்காலம் பெங்களூர்ல ஏறினா விடியக்காலைல திருச்சி, அதே வண்டி தஞ்சாவூரும் போகும். இப்ப ரிசர்வேஷன் 60 நாள் முன்னாடிதான் திறக்குது, தேதி நிச்சயமா தெரியறதால அந்த 60வது நாள் காலைல 8 மணிக்கே போட்டுடுங்க, வெள்ளிக்கிழமை ராத்திரி டிக்கெட் நிக்காது.

ஸ்கூல் அட்மிஷனுக்கும் அதே சர்டிஃபைட் காப்பில ஒண்ணு கூடவே வெச்சிருங்க. அப்பா கையெழுத்து கேட்டா அதக் காட்டலாம்.

---

அல்சூர் பாட்டி எழுதியது:

கண்ணு, என் பேத்தி டைப் அடிக்க உக்காந்திருக்கா, நான் சொல்லச் சொல்ல.

நாங்க மூணு தலைமுறையா அல்சூர்ல இருக்கோம், என் மாமனார் வேலூர்ல இருந்து வந்தவரு. உங்க அம்மா பயப்படறாங்கல்ல, அவங்க கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். 1991ல நாங்க கதவ சாத்திட்டு உள்ளயே இருந்தோம், அது கெட்ட காலம். 2016 செப்டம்பர்லயும் பஸ்ஸ எரிச்சாங்க, தமிழ்நாட்டு நம்பர் வண்டிங்கள அடிச்சாங்க, ரெண்டு நாள் வெளிய போகல. அதெல்லாம் நடந்துச்சு. ஆனா அந்த ரெண்டு நாளும் எங்களுக்கு பால் வாங்கி வந்து கொடுத்தது எதிர் வீட்டு கௌடா அம்மாதான். திருவள்ளுவர் சிலை இங்க ஏரிக்கரையில 18 வருஷம் துணி சுத்தி கிடந்துச்சு, 2009ல திறந்தாங்க, இன்னைக்கு சாயங்காலம் அந்தப் பக்கம் போனா எல்லா மொழி பிள்ளைங்களும் விளையாடுது. அம்மா கிட்ட இதையும் சொல்லு. உன் ஸ்கூட்டர கொண்டு வந்தா 12 மாசத்துக்கு மேல இங்க ஓட்ட முடியாது, அங்க ஆர்டிஓல என்ஓசி வாங்கி கேஏன்னு கர்நாடகா நம்பர் மாத்தணும், என்ன கேட்டா அத அங்கயே வித்துட்டு வா, மெட்ரோல போ.

வீட்டுக்கு, அட்வான்ஸ் இங்க பத்து மாசம்னு கேப்பாங்க, கேட்டதும் பயந்துடாத. என் தங்கச்சி மகளுக்கு போன வருஷம் 18,000 வாடகைக்கு 1,80,000 கேட்டாங்க, பேசிப் பேசி ஒரு லட்சத்துக்கு முடிச்சோம். காலி பண்றப்ப பெயின்ட்டுக்குனு ஒரு மாச வாடகைய பிடிப்பாங்க, அது அக்ரிமென்ட்லயே இருக்கானு பாரு. லீஸுக்கு குடுக்கறேன், வாடகையே வேணாம், எட்டு லட்சம் குடுனு சொல்லுவாங்க, அதுல போகாத, ஓனர் பேங்க்ல கடன் வாங்கி கட்டலனா நீ பிள்ளையோட நடுத்தெருவுல நிப்ப, அப்படி நின்ன குடும்பத்த நான் பாத்திருக்கேன்.

தண்ணி கேளு முதல்ல. காவேரி தண்ணி வருதா, போர்வெல்லா, டேங்கரா. 2024 கோடைல வைட்ஃபீல்ட் பக்கம் பெரிய பெரிய அபார்ட்மென்ட்ல இருக்கறவங்களே பக்கெட் தூக்கிட்டு நின்னாங்க. அல்சூர்ல வீடு சின்னது, சந்து குறுகல், ஆனா காவேரி தண்ணி உண்டு, காலைல எந்திரிச்சா கோயில் மணி, தமிழ் பேசற காய்கறிக்காரம்மா, ஏரி பக்கத்துல தமிழ்ச் சங்கம். மெட்ரோ ஸ்டேஷன் பேரு ஹலசூருன்னு போட்டிருக்கும், அங்க ஏறினா வண்டி மாறாம உன் ஆபீஸ் வாசல். கரண்டுக்கு கிருஹ ஜோதின்னு இலவச கரண்ட் திட்டம் இருக்கு, 200 யூனிட் வரைக்கும், வாடகைக்கு இருக்கறவங்களும் எழுதிக் கொடுக்கலாம். ஆதார்ல இந்த ஊர் அட்ரஸ் மாத்தினா ஏசி இல்லாத பிஎம்டிசி டவுன் பஸ்ல உனக்கு டிக்கெட் காசே இல்ல.

ஹஸ்பண்ட் எங்கனு கேக்கறவங்க கிட்ட தலை குனியாத. "நான்தான் வாடகை கட்டறேன், என் சம்பளம் இது"னு சொல்லு.

---

சேலத்துக்காரி வைட்ஃபீல்ட் எழுதியது:

பாட்டி சொன்ன அல்சூர் எனக்கும் பிடிக்கும், ஆனா ஈசிட்டி அப்பா சொன்ன அந்த 11 மணி போன யோசிச்சா அல்சூர்லருந்து ஐடிபிஎல் நடைய சேத்தா முக்கால் மணிக்கு மேல ஆயிடும் சிஸ். அவர் சொன்னதுல எனக்கு இப்ப மனசு மாறுது. எனக்கு அந்த மாதிரி போன் வந்தப்ப நான் வீட்டுலருந்து வேலை பாத்துட்டு இருந்தேன், அதிர்ஷ்டம்தான், அத வெச்சு உங்களுக்கு அறிவுரை சொல்லக் கூடாது. கே.ஆர்.புரம் பாருங்க. அங்கயும் தமிழ்க் குடும்பங்க நிறைய, மெட்ரோவும் ரயில்வே ஸ்டேஷனும் பக்கம் பக்கம், மதுரை வந்தே பாரத் அங்க நிக்கும், அது திருச்சி வழியாதான் போகுது, உங்க அம்மா வந்தா கன்டோன்மென்ட் வரைக்கும் போக வேணாம்.

ஸ்கூல்ல ஒண்ணு மறந்துட்டேன். இங்க எந்த போர்டா இருந்தாலும் கன்னடம் படிச்சே ஆகணும், 2015ல சட்டம் போட்டாங்க. மூணாங்கிளாஸ்ல சேர்றப்ப மத்த பிள்ளைங்க ரெண்டு வருஷம் படிச்சிருக்கும், அதனால இந்த லீவுலயே எழுத்து சொல்லிக் கொடுக்க ஆரம்பிங்க, பேசறது பத்தி கவலையே வேணாம், தெருவுல விளையாடி ஆறு மாசத்துல உங்களுக்கே சொல்லிக் கொடுப்பா. டிசி வாங்கறப்ப பென் நம்பர், அதாவது பிள்ளையோட நிரந்தரக் கல்வி எண், அதுல இருக்கானு பாருங்க, பழைய ஸ்கூல் யுடைஸ்னு சொல்ற அரசாங்க மாணவர் பதிவு போர்ட்டல்ல இருந்து பேர விடுவிக்கணும், அத விடாம வெச்சிட்டதால எங்க ஸ்கூல்ல ஒரு பிள்ளைக்கு ரெண்டு மாசம் இழுத்துச்சு.

---

ஸ்ரீரங்கத்துப்பொண்ணு எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுனு தெரியல. ஈசிட்டி அப்பா, உங்க பையன் சொன்னத படிச்சிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியல.

இந்த பத்து நாள்ல நடந்தத சொல்லிடறேன். வக்கீல் தம்பி சொன்ன மாதிரி ஆர்டர எடுத்துப் பாத்தேன், ஊர் மாறினா 30 நாள் முன்னாடி எழுத்துல சொல்லணும்னு ஒரு வரி இருக்கு, ரெண்டு வருஷமா என் கண்ணுல படவே இல்ல. போன சனிக்கிழமை பொண்ண விட வந்தப்ப அவர உக்கார வெச்சு பேசினேன். முதல்ல முகம் மாறிடுச்சு, அப்புறம் "ஸ்கூல் எது"னு கேட்டாரு. மாசம் ஒரு சனி ஞாயிறு, கோடை லீவுல ரெண்டு வாரம்னு ஒத்துக்கிட்டாரு, வாரா வாரம் புதன், ஞாயிறு வீடியோ கால். அவரே ஒரு மாசம் விட்டு ஒரு மாசம் பெங்களூர் வரேன், பிள்ளைய ராத்திரி ரயில்ல மாசா மாசம் அலைக்கழிக்க வேணாம்னு சொன்னாரு, அத நான் எதிர்பாக்கல. அடுத்த வாரம் மனு போடறோம்.

மேனேஜருக்கும் மெயில் போட்டேன். க்ளோசிங் நாள்ல 6.30க்கு கிளம்பி வீட்டுலருந்து முடிக்கலாம்னு பதில் வந்திருக்கு.

வர்ற வெள்ளிக்கிழமை ரெண்டு நாள் கே.ஆர்.புரம், ஹூடி சுத்திப் பாக்க வரேன், பொண்ணையும் கூட்டிட்டு. முதல்ல டேகேர், அப்புறம் அதுக்கு நடக்கற தூரத்துல ஸ்கூல், கடைசியா வீடு. பாட்டி, சனிக்கிழமை சாயங்காலம் அல்சூர் ஏரிக்கும் வருவோம், வள்ளுவர பாக்கணும்னு அவ சொல்லிட்டா.

ஒரே ஒரு சின்னக் கேள்வி பாக்கி. சைக்கிள எப்படி கொண்டு வரது? புதுசு வாங்கித் தரேன்னா வேணாங்கறா, தாத்தா வாங்கிக் கொடுத்ததாம்.

---

ஈசிட்டி அப்பா எழுதியது:

ரயில்லயே லக்கேஜ் வேன்ல போடலாம். திருச்சி ஜங்ஷன் பார்சல் ஆபீஸ்ல கேளுங்க, டிக்கெட்ட காட்டி நீங்க வர அதே வண்டிலயே புக் பண்ணிடலாம். பெடலக் கழட்டி தனியா பையில வெச்சுக்கோங்க, ஹேண்டில் பார திருப்பி விடுங்க, பழைய போர்வை சுத்தி கயிறு கட்டி ரெண்டு இடத்துல உங்க பேரும் நம்பரும் எழுதுங்க. முன்னாடி நாளே போயிடுங்க, கடைசி நேரத்துல ஏத்த மாட்டாங்க. ஹூடி பக்கம் வீடு பாக்கறப்ப கார் போகாத உள் தெருவா பாருங்க, மெயின் ரோட்டுலருந்து ரெண்டு திருப்பம் உள்ள போனாலே இருக்கும். சாயங்காலம் 5 மணிக்கு போய் நின்னு பாருங்க, பிள்ளைங்க வெளிய விளையாடுதானு.